வானிலைக் கணிப்பும் அதனை வாசிக்கும் பயிற்சியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்கச் செய்யுளொன்றின் நயத்தையோ நாயன்மார் ஒருவரின் சரிதத்தையோ எழுதித் தருவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். வானிலை பற்றி எழுதப்போகின்றோம் என்றதும், குழுவிலிருந்த விஞ்ஞான ஆசிரியர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு அன்று வாய்மொழியாகக் கூறிய விடையையே இங்குச் சற்று விரித்து எழுதுகின்றோம். மேகத்தையும் காற்றையும் பற்றிப் பேச எமக்குத் தகுதியில்லை என்பதை யாமறிவோம். ஆயினும், பிறர் எழுதிவைத்ததை ஒருவன் எவ்வாறு வாசிக்கவேண்டும், அவ்வாறு வாசிக்க அவனை எவ்வாறு பழக்கவேண்டும் என்பது இருபது ஆண்டுகளாக யாம் செய்துவரும் தொழில். இன்றைய வானிலை அறிஞர் முன்னே நிற்கும் பெரும் வினாவும் அதுவேயாம்.

முதலில் எமது தவறொன்றைச் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், இல்ல மெய்வல்லுநர் போட்டி ஒரு வெள்ளிக்கிழமைக்குக் குறிக்கப்பட்டிருந்தது. எமது கைத்தொலைபேசியில் அந்நாளுக்கு நேரே கருமுகிலும் மூன்று துளிகளும் கொண்ட சிறு படமொன்று தோன்றியது. உடனே அதிபரிடம் ஓடினோம். போட்டி அடுத்த செவ்வாய்க்கிழமைக்குப் பிற்போடப்பட்டது. வெள்ளியன்று பளிச்சென்று வெயிலெறித்தது. படத்திலே சூரியன் சிரித்த செவ்வாயன்றோ, அஞ்சலோட்டம் தொடங்கும் வேளையிற் கொட்டிய மழையில் மைதானத்துச் சுண்ணாம்புக் கோடுகளெல்லாம் கரைந்து ஓடின. அன்றுதொட்டு ஆசிரியர் அறையில் எமக்கு வழங்கிவரும் பட்டப்பெயரை இங்கே எழுதுவதற்கில்லை.

அச்சிறு படத்தை வரைந்தவர் யாவர்? எவருமிலர். தொலைவிலுள்ள பெருங்கணினி ஒன்று உலகம் முழுவதையும் கட்டங்களாக வகுத்துக் கணித்த எண்களுள், எமது ஊருக்கு அண்மையிலுள்ள கட்டத்தின் எண்ணை வேறொரு கருவி எடுத்துப் படமாக்கித் தந்தது. இடையில் மனிதக் கண் எதுவும் அதனைப் பார்க்கவில்லை. எமது மைதானத்துக்கு நேர்ந்தது சிறு நட்டம்; சிரித்து மறந்துவிடலாம். கடலுக்குச் செல்லும் மீனவனுக்கும், மலைச்சரிவில் உறங்கும் தோட்டத் தொழிலாளிக்கும், குளத்தின் வான்கதவருகே நிற்கும் அலுவலருக்கும் நேர்வது அத்தகையதன்று.

இக்கணிப்பு முறையின் வரலாறு சுவையானது. இங்கிலாந்து தேசத்து லூயிஸ் பிறை றிச்சாட்சன் என்பார், காற்றின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகளை எண்கணிதத்தாற் படிப்படியாகத் தீர்த்தால் நாளைய வானிலையை இன்றே அறியலாம் எனக் கருதினார். முதலாம் உலகப் போரிற் பிரான்சு தேசத்துப் போர்முனையில் நோயாளர் வண்டி ஓட்டிக்கொண்டே, ஓய்வு நேரங்களிற் கணக்கிட்டார். 1910ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதிக்குரிய ஆறு மணி நேர மாற்றத்தையே அவர் எடுத்துக்கொண்டார். வந்த விடை, அமுக்கம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயரும் என்பது. உண்மையில் அன்று அமுக்கம் ஏறத்தாழ அசையாமலே நின்றது. இவ்வளவு பெரிய பிழையை மறைக்காது 1922இல் தமது நூலில் அப்படியே அச்சிட்டாரே, அந்த நேர்மைக்காகவே அவரை வணங்கலாம். பிழை சமன்பாட்டிலில்லை, தொடக்கத்திற் கொடுத்த அவதானிப்புகள் ஒன்றோடொன்று இசையாமையே காரணம் என்பதைப் பின்வந்தோர் கண்டனர். 1950இல் அமெரிக்காவில், சார்னி, வொன் நொய்மன் முதலியோர் அடங்கிய குழுவினர் 'எனியாக்' என்னும் கணினியைக் கொண்டு முதன்முதலிற் பயன்தரு கணிப்பைச் செய்தனர். இருபத்துநான்கு மணி நேரத்துக்குரிய கணிப்பைச் செய்து முடிக்க ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரமே சென்றதாம்!

இன்று நிலைமை வேறு. இங்கிலாந்திலுள்ள றெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய நிலையம் 1979 முதல் நாள்தோறும் பல நாட்களுக்குரிய கணிப்புகளை வெளியிட்டு வருகின்றது. அதன் கட்டமொன்றின் பக்கம் இப்பொழுது ஏறக்குறைய 9 கிலோமீற்றர் மாத்திரமே. பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் கணிப்பின் எல்லை நீண்டுவந்திருக்கின்றது என்பர்; அஃதாவது, பத்தாண்டுக்கு முன் மூன்றாம் நாளுக்கிருந்த திருத்தம் இன்று நான்காம் நாளுக்குண்டு. மனித அறிவின் அமைதியான வெற்றிகளுள் இஃதொன்று. இதைக் குறைத்துக் கூற யாம் வரவில்லை. பழைய காலத்து மீகாமன் கச்சானையும் சோளகத்தையும் வாடையையும் கொண்டலையும் முகர்ந்தே யாவும் அறிந்தான் என்று பெருமை பேசுவோர் எம்மிடையே உளர். அவன் அறிந்தது நாளைக் காலை வரைக்குமே. ஐந்தாம் நாள் வரப்போகும் சூறாவளியை அவன் அறிந்தானல்லன்.

எனினும், கணிப்பு என்பது ஒரு பிரதி. பிரதியை வாசிக்க வேண்டும். எங்கே அது நம்பத்தக்கது, எங்கே அதன் கண் மங்குகின்றது என்பதை அறியாது எடுத்தோதுபவன், சொற்பிரிக்கத் தெரியாமற் செய்யுளை உரக்கப் படிக்கும் மாணாக்கனை ஒப்பான்.

கண் மங்கும் இடங்களிற் சிலவற்றைச் சொல்வோம். முன்னைய உலக மாதிரிகள் பலவற்றிற் கட்டமொன்றின் பக்கம் நூறு கிலோமீற்றருக்கும் மேலாக இருந்தது. அத்தகைய மாதிரிக்கு எமது யாழ்ப்பாணக் குடாநாடு கடலாகவே தெரிந்தது. நல்லூரும் பருத்தித்துறையும் அதன் கணக்கில் நீரில் மிதந்தன. இன்றைய சிறு கட்டங்களிற்கூட வயலும் உப்பேரியும் கடலும் ஓரெண்ணாகக் கலந்துவிடும். மலைநாட்டின் நிலை இன்னும் கடினமானது. 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலையின் சிகரத்தைக் கணினி தன் கட்டத்தின் சராசரி உயரமாக்கித் தேய்த்து விடுகின்றது. செங்குத்தான சரிவில் மோதி மேலெழவேண்டிய ஈரக்காற்று, கணக்கிலே மெதுவான மேட்டில் ஏறுகின்றது. ஆகவே எந்தப் பள்ளத்தாக்கில் மழை கொட்டும், எதில் தூறும் என்பது பிறழ்ந்துவிடும். இனி, பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல்தோறும் எழும் இடிமழையை எடுத்துக்கொள்வோம். அவ்விடிமுகில் கட்டத்தினும் சிறியது. அதை நேரே கணிக்க இயலாமையால் மாதிரிகள் அதற்குப் பதிலாக ஒரு சூத்திரத்தை வைத்துக்கொள்கின்றன. அச்சூத்திரத்தை ஆளும் மாதிரிகளுக்கு வெப்ப வலயத்து நிலப்பரப்பிலே பொழுதுக்கு முந்தி, நண்பகலளவிலேயே, மழையைத் தொடக்கிவிடும் இயல்பு உண்டு. அடிக்கடி பெய்வதாகவும் ஆனாற் சிறிதாகப் பெய்வதாகவும் காட்டும் இயல்பும் உண்டு. இவ்வியல்புகளை அறிந்த எதிர்வுகூறுநர், கணினி பன்னிரண்டு மணி என்றால் மூன்று மணி எனத் திருத்தி வாசிப்பார். அறியாதவர் பன்னிரண்டு என்றே ஒலிபரப்புவார். பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வெளியேறும் வேளையில் இடி விழும்.

எமது பழைய மாணவர் ஒருவர் வானிலை நிலையமொன்றிற் பணிபுரிகின்றார். எந்த நாட்டில், எந்த நிலையத்தில் என்பது இங்கு வேண்டியதில்லை. விடுமுறையில் வந்தபோது எம்மைக் காண வீட்டுக்கு வந்தார். திண்ணையிலிருந்து தேநீர் அருந்தியபடி, "நீங்கள் இப்போது கணினி வைத்தே எல்லாம் சொல்கிறீர்கள், கவலையில்லை அல்லவா தம்பி?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின், "சேர், எனக்கு அதைத் திறக்கச் சொல்லித் தந்தார்கள், வாசிக்கச் சொல்லித் தரவில்லை" என்றார்.

அவர் விவரித்தது இது. கடல்கடந்த நாடொன்றிற் பன்னிரண்டு நாட் பயிற்சி. நாளொன்றுக்கு ஆறு விரிவுரைகள். எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தப் படம் வரும் என்பதைத் திறம்படக் காட்டினார்கள். உதாரணங்கள் யாவும் குளிர்நாட்டு உதாரணங்கள். மழை எப்பொழுது உறைபனியாக மாறும் என்பதற்கு ஒரு முழுப் பிற்பகல் சென்றது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் காற்றும் அமுக்கமும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதில்லை, உயர்ந்த அகலாங்குகளில் பயன்படும் விதிகள் பல இங்கே தளர்ந்துவிடும் என்பதை ஒருவர் போகிற போக்கிற் சொன்னாராம். இறுதி நாளிற் சான்றிதழும் குழுப்படமும். ஊர் திரும்பி மறுநாளே இரவுக் கடமை. பயின்றதை எவரும் சோதிக்கவுமில்லை, கேட்கவுமில்லை. இரண்டு மாதத்துக்குப் பின் அப்படங்களின் முகப்பே மாற்றப்பட்டுவிட்டதாம்.

இதைக் கேட்டபோது எமது ஆசிரிய கலாசாலை நாட்கள் நினைவுக்கு வந்தன. உளவியலும் கல்வித் தத்துவமும் விரிவுரை மண்டபத்திற் கேட்டோம் என்பது மெய்யே. ஆயினும் எம்மை ஆசிரியராக்கியது கற்பித்தற் பயிற்சிக் காலம். பாடக் குறிப்பை முன்னதாக எழுதிக்கொடுத்து, நாற்பது பிள்ளைகள் முன்னே நின்று, பின்வரிசையிலிருந்த விரிவுரையாளரின் பென்சில் ஓடுவதைக் கண்டு நடுங்கி, பாடம் முடிந்தபின் விமரிசனத்தைக் கேட்டுத் தலைகுனிந்து, மறுநாள் மீண்டும் அதே வகுப்பிற்குச் சென்றோமே, அதுவே பயிற்சி. எதிர்வுகூறுநரும் அவ்வாறே ஆக்கப்படல்வேண்டும் என்பது எமது துணிபு. விரிவுரையாற் பிறப்பது அறிவு. முன்கூட்டிச் சொல்லி, பிழைத்து, பிழையின் காரணத்தை மூத்தவர் ஒருவர் பக்கத்திலிருந்து காட்ட, மீண்டும் சொல்லும்போதே வாசிப்பு பிறக்கின்றது.

இவ்வாபத்தை முன்னமே கண்டு எச்சரித்தவரும் உளர். 1977இல் அமெரிக்க வானிலைச் சேவையைச் சேர்ந்த லெனாட் ஸ்னெல்மன் என்பார், எதிர்வுகூறுநர் தம் சிந்தனையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு அதன் விடையைக் கடத்தும் தூதராக மாறிவரும் நிலைக்கு 'வானிலைப் புற்றுநோய்' என்று பெயரிட்டார். கடுமையான பெயர்தான். ஆனால், நோயாளிக்கு நோவில்லாமலே நெடுங்காலம் வளர்வது அந்நோயின் இயல்பு என்பதை நோக்கும்போது பெயர் பொருந்தியே இருக்கின்றது. நூறு நாட்களுள் தொண்ணூற்றைந்து நாட்கள் கணினி சரியாகவே சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்களில் வாசிக்காதவரும் வாசித்தவரும் ஒருவரே போலத் தோன்றுவர். எஞ்சிய ஐந்து நாட்களிலேதான் சூறாவளி வருகின்றது. வாசிக்கும் திறனோ அதற்குள் துருப்பிடித்துவிடுகின்றது.

இவ்விடத்து எதிர்வாதமொன்றை மறைத்தல் முறையன்று. கணினி ஆண்டுதோறும் திருந்திவருகின்றது. மனிதன் கைவைத்தால் நல்ல கணிப்பும் கெடும். ஆகவே இடையில் மனிதன் எதற்கு என்பர் சிலர். 2023 முதல் இவ்வாதத்துக்குப் புது வலிமை பிறந்திருக்கின்றது. சமன்பாடுகளைத் தீர்க்காமல், பல்லாண்டு வானிலைப் பதிவுகளைக் கற்றுக்கொண்டு சில நிமிடத்தில் பத்து நாட் கணிப்பைத் தரும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துள்ளன. ஐரோப்பிய நிலையமே 2025 பெப்ரவரியிலிருந்து அத்தகைய ஒன்றை அன்றாடச் சேவையில் இயக்கிவருகின்றது. நன்மையே, வறிய நாடுகளுக்குப் பெருநன்மை. ஆயினும் கற்றவற்றின் சராசரியை நோக்கிச் சாய்ந்து, உச்சங்களை மழுங்கக் காட்டும் குறை இவற்றுட் பலவற்றிற் காணப்படுகின்றது. எவ்வகைச் சோதனைக்கு நெட்டுருப் போட்டானோ அதில் உயர்ந்த புள்ளி பெற்று, புதிய வினாவிலே தடுமாறும் மாணாக்கனை யாமெல்லாம் அறிவோம். மனிதன் தன்னிச்சையாகக் கைவைத்துக் கெடுப்பதும் உண்மையே. அது பயிற்சி வேண்டாமென்பதற்கன்று, வேண்டுமென்பதற்கே சான்றாகும்.

இனி, எமது துறைக்கு மிக அண்மையிலுள்ள பகுதிக்கு வருகின்றோம். ஐரோப்பிய நிலையம் ஒரே நாளுக்கு ஒரு கணிப்பை மட்டும் செய்வதில்லை. தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பது கணிப்புகளையும், மாற்றாத ஒன்றையும் செய்கின்றது. 1992இல் தொடங்கிய முறை இது. தொடக்கத்திலுள்ள நுண்ணிய பிழைகூடச் சில நாட்களிற் பெருகி எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று லொறன்ஸ் என்னும் அறிஞர் 1963இல் நிறுவியதன் பயனாக எழுந்தது. ஐம்பத்தொரு விடைகளைக் கையிற் கொடுத்தால் ஒருவர் என்செய்வார்?

தமிழ் கற்றோர்க்கு இஃது அந்நியமான நிலையன்று. சிறுப்பிட்டி தந்த பெருமகன் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டுப் பிரதிகளைத் தேடிச் சேர்த்துப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது செய்தது இதுவன்றோ? ஏடொன்றில் ஒரு பாடம், மற்றொன்றில் வேறு பாடம். பெரும்பாலான ஏடுகள் ஒரு பாடத்தில் ஒத்தால் பதிப்பாசிரியர் துணிவு கொள்வார். பலவாறு பிரிந்தால், ஐயத்தை ஐயமென்றே அடிக்குறிப்பிற் காட்டுவார். ஐம்பத்தொரு கணிப்புகளையும் அவ்வாறே வாசிக்கவேண்டும். நாற்பத்தைந்து கணிப்புகள் புயல் திருகோணமலைக்கு அண்மையிற் கரையேறும் என்றால் ஒரு வகைத் துணிவு. பாதி நாகபட்டினத்துக்கும் பாதி மட்டக்களப்புக்கும் பிரிந்தால் வேறொரு மொழி. இரண்டின் நடுவே கோடு கிழித்துப் பருத்தித்துறை என்று சொல்பவர், இரு பாடங்களையும் கலந்து எந்த ஏட்டிலுமில்லாத மூன்றாம் பாடமொன்றைப் படைத்தவராவார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பத்து ஏடுகள் ஒத்திருப்பினும், பத்தும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டனவாயின் அவ்வொற்றுமைக்கு மதிப்பில்லை. தாய் ஏட்டின் பிழை பத்திலும் இருக்கும். ஐம்பத்தொரு கணிப்புகளும் ஒரே மாதிரியின் பிள்ளைகள். அம்மாதிரிக்கு மலையைத் தேய்க்கும் பிழையிருந்தால் ஐம்பத்தொன்றும் அப்பிழையில் ஒற்றுமைப்படும். ஆகவே வேறு நாட்டார் வேறு முறையிற் செய்த கணிப்புகளையும், யாவற்றுக்கும் மேலாகச் செய்மதிப் படம், ராடர், மழைமானி ஆகியவை காட்டும் மெய்யான வானத்தையும் ஒப்புநோக்கவேண்டும். இதை எமது மாணவரிடம் சொன்னோம். "சேர், இந்த ஏட்டுக் கதையை அங்கே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு கிழமை மிஞ்சியிருக்கும்" என்றார். முகமன் என்றே கொண்டோம், எனினும் மகிழ்ந்தோம்.

பயிற்சி எவ்வாறு அமையவேண்டும் என்று கேட்பீராயின், எமது எண்ணத்தைச் சொல்வோம். மாதிரியைத் திறக்குமுன் எதிர்வுகூறுநர் அன்றைய அவதானிப்புகளைத் தம் கையால் வரைபடத்திற் குறித்து, நடந்துகொண்டிருப்பது யாது, நடக்கக்கூடியது யாது என்று இரண்டு வரி எழுதல்வேண்டும். விடைப் புத்தகத்தை முதலிற் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்யும் மாணவன் கணக்குக் கற்பதில்லை. பின்பு, நடந்து முடிந்த நிகழ்ச்சிகளை முடிவை மறைத்துவைத்து மணிக்கு மணி திறந்து காட்டி, "இப்பொழுது என்ன அறிவிப்பீர்?" என்று கேட்டுப் பழக்கவேண்டும். அதற்கு உதாரணம் தேடி அயலூர் செல்லவேண்டியதில்லை. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி உண்டு. 2008 நவம்பரில் வடக்கை வெள்ளக்காடாக்கிய நிஷா உண்டு. 2020 டிசெம்பர் 2இல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரேவி உண்டு. யாவரும் அதன் காற்றையே அஞ்சியிருக்க, அது வலுவிழந்து மன்னார்க் குடாவில் தங்கி நின்று மழையாற் கெடுத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவை எவரும் மறக்கமுடியாது. பல நூறு உயிர்கள் போயின. மலைநாட்டு மண்சரிவிலேயே பெருங்கேடு விளைந்தது. படத்திலே புயல் செல்லும் கோட்டை மாத்திரம் நோக்கியிருப்போர்க்கு, கோட்டுக்கு அப்பால் நிகழும் அழிவு எப்பொழுதும் எதிர்பாராததாகவே இருக்கும். 1940 வரைக்கும் பின்னோக்கி வளிமண்டலத்தை மீளக் கணித்து வைத்த தொகுதிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. தனுஷ்கோடியை அழித்து எமது வடகரையையும் தாக்கிய 1964 சூறாவளியைக்கூட எடுத்தாராயலாம். கடல்மேல் அவதானிப்பு அருகியிருந்த காலமாதலின் அதன் மீள்கணிப்பு அத்துணை உறுதியன்று. அதுவும் கற்பதற்குரிய பாடமே.

புள்ளியிடுதல் வேறு. ஆசிரியர்க்கு விருப்பமான விடயமாதலால் இதில் ஒரு பழங்கதை சொல்வோம். 1884இல் அமெரிக்காவிற் பின்லி என்பார் சுழற்காற்று வருமா வராதா என 2,803 முறை எதிர்வுகூறி, நூற்றுக்கு 96.6 பங்கு சரியென்று அறிவித்தார். உலகம் வியந்தது. பின்னர் விமரிசகர்கள் கணக்குப் பார்த்தனர். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் "வராது" என்று மட்டும் சொல்லியிருந்தால் 98.2 பங்கு சரியாயிருக்கும்! மெய்யாக வந்த 51 சுழற்காற்றுகளுள் பின்லி முன்னறிந்தவை 28. வருமென்று சொல்லி வராதவை 72. ஆகவே எதிர்வுகூறுநரின் புள்ளிப் புத்தகத்தில் 'சரி' என்னும் ஒரே நிரல் போதாது. பிடித்தவை, தவறவிட்டவை, வீணே அச்சுறுத்தியவை என்று தனித்தனி எழுதவேண்டும். தமது புள்ளிக்குப் பக்கத்தில் கணினியின் புள்ளியையும் எழுதவேண்டும். எங்கே தாம் கணினியை வென்றார், எங்கே கைவைத்துக் கெடுத்தார் என்பது ஓராண்டில் வெளிச்சமாகிவிடும். இப்புத்தகம் பதவியுயர்வுக்கோ தண்டனைக்கோ எடுக்கப்படலாகாது. அவ்வாறு எடுக்கப்படின், அச்சத்தால் எல்லாரும் எதற்கும் எச்சரிக்கை விடுப்பர். அல்லது எதற்கும் விடார்.

வானூர்திகளுக்கு வானிலை கூறுவோர் தம் தேர்ச்சியை நிரூபித்துக் காட்டவேண்டும் என்பதை உலக வானிலை நிறுவனம் 2013 டிசெம்பரிலிருந்து கட்டாயமாக்கியது. நன்று. வானிற் பறப்போர்க்குள்ள அக்கண்டிப்பு வள்ளத்திற் செல்வோர்க்கும் வயலில் நிற்போர்க்கும் ஏன் வேண்டா என்பதே எமது கேள்வி. அந்நிறுவனம் 2006இல் தென்னாபிரிக்கப் பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று; பெருநிலையங்களின் கணிப்புகள் பிராந்திய நிலையத்துக்கும், அங்கிருந்து விளக்கத்தோடு நாடுகளின் நிலையங்களுக்கும் படிப்படியாக இறங்கிவரும். அதன் வழியில் வங்காள விரிகுடாப் பகுதிக்கும் புதுடில்லியை நடுவாகக் கொண்டு ஏற்பாடு உண்டு; இலங்கையும் அதில் அடங்கும். படி நன்றாகவே கட்டப்பட்டிருக்கின்றது. கடைசிப் படியில் நிற்பவருக்கு அளிக்கப்படும் பயிற்சியின் அளவே அதன் பயன்.

கடைசியாக மொழி. இதில் எமக்கு உரிமையுண்டு. 'மழை பெய்யலாம்' என்று அறிக்கை கூறுகின்றது. 'மீனவர் கடலுக்குச் செல்லலாம்' என்றும் கூறுகின்றது. முன்னதில் ஐயம், பின்னதில் இசைவு. ஈறு ஒன்றே. பத்தில் ஒரு பங்கு வாய்ப்புக்கும் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்புக்கும் அதே ஈற்றை இட்டால், கேட்பவர் தமக்கு விருப்பமானதையே பொருளாகக் கொள்வார். ஐம்பத்தொரு கணிப்புகளைச் செய்து பெற்ற நுண்மையெல்லாம் ஒரு 'லாம்' என்னும் ஈற்றிற் கரைந்துபோகின்றது. குளத்துக்குப் பொறுப்பான அலுவலரை எண்ணிப்பாருங்கள். முந்தித் திறந்தால் சிறுபோகத்துக்குரிய நீர் கடலுக்குப் போய்விடும். பிந்தித் திறந்தால் கீழுள்ள ஊர்களுள் வெள்ளம் புகும். 2018 டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டோர் இவ்வினாவின் கனத்தை அறிவர். அவருக்கு வேண்டியது "பலத்த மழை பெய்யலாம்" என்பதன்று. "நாளை இரவுக்குள் 150 மில்லிமீற்றருக்கு மேற் பெய்வதற்குப் பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு" என்று சொன்னால், தம் குளத்தின் நிலையை நோக்கி அவர் முடிவு செய்வார். அவருக்குப் பத்தில் மூன்றே போதுமானதாயிருக்கலாம். மைதானத்திற் கோடு கீறும் எமக்கு அது போதாது. யாருக்கு எவ்வளவு போதும் என்பதை எதிர்வுகூறுநர் அவரவரிடம் சென்று கேட்டு அறிதலும் பயிற்சியின் பகுதியாகவேண்டும். எண்ணை மட்டும் சொன்னால் மக்களுக்கு விளங்காது என்பர். மரக்கறிச் சந்தையில் விலையைப் பேரம்பேசும் மக்களுக்குப் பத்தில் மூன்று விளங்காதென்பதை யாம் ஏற்கமாட்டோம்.

விடுமுறை முடிந்து சென்ற மாணவர் சென்ற மாதம் தமது நிலையத்தின் தமிழறிக்கைகள் பத்தினை எமக்கு அனுப்பியிருந்தார். கட்டுரைப் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்துவதுபோலச் சிவப்பு மையாற் குறித்து அனுப்பினோம். 'லாம்' என்னும் ஈறு நாற்பத்தொரு இடத்தில் வந்திருந்தது. பதிலோடு, அவர் புதிதாகத் தொடங்கிய புள்ளிப் புத்தகத்தின் முதற் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கின்றார். முதல் மாதத்திற் கணினியே முன்னிற்கின்றது. நான்கு நாட்களில் மட்டும் அவர் அதனை வென்றிருக்கின்றார். நான்கும் பிற்பகல் இடிமழை நாட்கள். வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்குமுன் மேலும் பத்து அறிக்கைகள் வரும் எனத் தெரிவித்துள்ளார்.